1990–94 பாட்டு லிஸ்ட்: ராஜா, ரஹ்மான் போக வேறு யாரெல்லாம்?

தீப்பெட்டி:

எங்கள் பள்ளியில் 1993இல் பிளஸ் டூ முடித்தவர்கள் மே மாதம் ஒரு மண்டபம் பிடித்துக் கூடுகிறோம். சாப்பாடு ஒருத்தன், போட்டோ ஒருத்தன், பழைய வாத்தியார்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்கு இரண்டு பேர் என்று வேலையைப் பிரித்ததில் பாட்டு என் தலையில் விழுந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாம் 1990க்கும் 1994க்கும் நடுவில் வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

சரி என்று உட்கார்ந்து எழுதினேன். முதல் பாதி முழுக்க இளையராஜா: சின்னத்தம்பி, தளபதி, குணா, சின்னக் கவுண்டர். அடுத்த பாதி முழுக்க ரஹ்மான்: ரோஜா, ஜென்டில்மேன், திருடா திருடா, காதலன். 1992 ஆகஸ்ட் 15 அன்று ரோஜா வந்ததும் ஒரே ராத்திரியில் எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது என்கிற மாதிரி இருக்கிறது லிஸ்ட். இப்போது யூடியூபில் பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் என் ஞாபகம் அப்படி இல்லை. ரோஜா வந்து ரொம்ப நாள் கழித்தும் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸிலும் புரோட்டா கடையிலும் வேறு என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் நல்ல மெலடி என்றால் ராஜா, குத்து என்றால் தேவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பழகியவர்கள், அதனால் யார் பாட்டு என்றே தெரியாமல் கேட்டது நிறைய இருக்கும்.

அந்த விட்டுப்போன பாட்டுகளைச் சொல்லுங்கள். அப்புறம் இந்த "ஒரே ராத்திரி" கதையைப் பற்றியும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லுங்கள்.

பழைய கேசட்:

உங்கள் ஞாபகத்தில் தப்பே இல்லை, லிஸ்ட்தான் தப்பு. முதலில் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்: "அந்தி நேரத் தென்றல் காற்று". இணைந்த கைகள், 1990. எஸ்.பி.பி.யும் ஜெயச்சந்திரனும். பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் ராஜா என்று சத்தியம் செய்வார்கள், இசை கியான் வர்மா. அதே வருஷம் புது வசந்தம். எஸ்.ஏ.ராஜ்குமார் அதற்கு முன்பே படம் செய்திருந்தாலும் "பாட்டு ஒண்ணு நான் பாடட்டுமா" வந்த பிறகுதான் அவர் பெயரை ஜனங்கள் சொன்னார்கள். 1991இல் சேரன் பாண்டியன், "காதல் கடிதம் வரைந்தேன் உனக்கு", இசை சௌந்தர்யன். இந்தப் பாட்டைப் பாடப்புத்தக அட்டையின் உள்பக்கம் எழுதி வைக்காத பையன் எங்கள் வகுப்பில் கிடையாது, பாதிப் பேருக்குக் கடிதம் கொடுக்க ஆளே கிடையாது என்பது வேறு விஷயம்.

அழகனை விட்டுவிடாதீர்கள். "சங்கீத ஸ்வரங்கள்", "மழையும் நீயே", "ஜாதிமல்லிப் பூச்சரமே", மூன்றும் 1991, எல்லாம் எஸ்.பி.பி., எல்லாம் புலமைப்பித்தன் எழுதியது. ராத்திரி முழுக்க டெலிபோனில் பேசிக்கொண்டே இருந்து விடிகிற நேரத்தில் தூர்தர்ஷன் இசை வருமே, அந்தப் பாட்டுதான் முதலாவது. இசை மரகதமணி. அவர்தான் கீரவாணி, 2023இல் ஆஸ்கர் வாங்கியவர். ஆஸ்கர் வாங்கிய அன்றைக்கு இங்கே எல்லாரும் பாகுபலி, ஆர்.ஆர்.ஆர். என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் தனியாக அழகனைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

1993இல் அமராவதி. அஜித் தமிழில் கதாநாயகனாக நடித்த முதல் படம். "தாஜ்மஹால் தேவையில்லை" எஸ்.பி.பி., ஜானகி. இசை பாலபாரதி. இதையும் ராஜா கணக்கில்தான் எழுதுவார்கள். இவருக்கெல்லாம் செய்கிற அநியாயம் இது. பாட்டு ஊர் முழுக்கத் தெரியும், போட்டவர் பெயர் தெரியாது.

சும்மா வந்தவன்:

தேவாவைக் குத்துக்குள் அடைத்ததற்கு என் கண்டனம். அண்ணாமலையில் ஜேசுதாஸ் பாடிய "ஒரு பெண்புறா" குத்தா? சூரியனில் "பதினெட்டு வயது" குத்தா? என் ஆசை மச்சானில் "ஆடியில சேதி சொல்லி" குத்தா? ரஜினி படத்துக்கு முன்னால் எழுத்து எழுத்தாகப் பெயர் வருமே, அந்தச் சத்தம்கூட அண்ணாமலையில்தான் முதலில் வந்தது. வைகாசி பொறந்தாச்சு தொடங்கி அந்த வருஷங்களில் அதிகம் உழைத்தது அந்த மனுஷன்தான், கடைசியில் கானா என்கிற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள்.

பஞ்சதன் பக்தன்:

ஒரே ராத்திரி இல்லை என்று எல்லாரும் சொல்வீர்கள், தெரியும். நான் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு அது ஒரே ராத்திரிதான். அப்போது ஏழாவது படித்தேன், மாமா வாங்கி வந்த ரோஜா கேசட்டை ஹெட்போனில் கேட்டபோது இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று, அடியில் ஒன்று என்று தனித்தனியாக விழுந்தது. அதுவரை நான் கேட்ட பாட்டெல்லாம் எதிரில் ஒரு மேடை இருந்து அதில் எல்லாரும் உட்கார்ந்து வாசிப்பது போலத்தான் இருக்கும். இது எனக்குப் பக்கத்திலேயே நடந்தது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து, விளம்பரப் படங்களுக்கு இசை போட்டுப் பழகிய கையோடு, ஒவ்வொரு சத்தத்தையும் தனியாக எடுத்துச் செதுக்கினார் ரஹ்மான். நூறு பேர் சேர்ந்து ஒரே நாளில் வாசித்து முடிக்கிற முறை அது இல்லை. மின்மினி குரலையே எடுத்துக்கொள்ளுங்கள், மூச்சு எடுப்பது வரை கேட்கும்.

இன்னொன்று, கேசட் அட்டை. வாசித்தவர்கள் பெயரெல்லாம் அதில் வர ஆரம்பித்தது அவர் காலத்தில்தான். புல்லாங்குழல் யார், கிடார் யார் என்று பார்த்துப் படித்த முதல் தலைமுறை நாங்கள்.

கோடம்பாக்கம் வாசகி:

பக்தன் தம்பி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். சத்தம் மாறியது ரோஜாவில்தான். ஆனால் கதவு அதற்கு ரொம்ப முன்னாலேயே திறந்துவிட்டது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

1986 வாக்கில் வைரமுத்துவுக்கும் இளையராஜாவுக்கும் பிரிவு. உச்சத்தில் இருக்கிற ஒரு பாடலாசிரியருக்கு இனி அந்தப் பக்கம் பாட்டு இல்லை. அப்புறம் அவர் எங்கே எழுதினார் என்று பாருங்கள்: சந்திரபோஸுக்கு மனிதன், ராஜா சின்ன ரோஜா, தேவேந்திரனுக்கு வேதம் புதிது, தேவாவுக்கு அண்ணாமலை. அதாவது ராஜா இல்லாத இடமாகப் பார்த்து அவர் போய்க்கொண்டே இருந்திருக்கிறார், அவர் போன இடமெல்லாம் பாட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது. அடுத்து பாலசந்தர். 1989இல் புதுப்புது அர்த்தங்கள் வரைக்கும் ராஜாவோடு இருந்தவர், 1991இல் அழகனுக்கு மரகதமணியிடம் போகிறார், 1992இல் வானமே எல்லைக்கும் அவரேதான். பாலசந்தரின் கவிதாலயா அதே 1992இல் தேவாவை வைத்து அண்ணாமலை எடுத்தது, சில வாரங்களிலேயே ரஹ்மானை வைத்து ரோஜா எடுத்து வெளியிட்டது. ஒரே கம்பெனி, ஒரே கோடைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும். இரண்டு படத்துக்கும் பாட்டு வைரமுத்து. மணிரத்னம் 1991 தீபாவளிக்குத் தளபதி கொடுத்துவிட்டு அடுத்த படத்திலேயே ஆளை மாற்றினார். புது ஆளைத் தேடுகிற பசி இவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே இருந்தது, ரஹ்மான் அந்த நேரத்தில் வந்தார். அவரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை, ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தானே.

எலக்ட்ரானிக் சத்தம் என்றால் ரோஜா என்பதும் முழு உண்மை இல்லை. அதே 1992இல் ரோஜாவுக்கு முன்னால் வந்த அமரன் கேட்டிருக்கிறீர்களா? "வெத்தலை போட்ட ஷோக்குல", நடிகர் கார்த்திக்கே பாடியது. இசை ஆதித்யன். அந்த டிரம் சத்தம் அப்போதே புதுசு. அவர்தான் 1994இல் சீவலப்பேரி பாண்டிக்கு "கிழக்கு சிவக்கையிலே" போட்டார். இரண்டும் ஒரே ஆள் வேலை என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

தீப்பெட்டி, உங்கள் லிஸ்ட்டுக்கு ஒரு யோசனை. இசையமைப்பாளரை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஸ்வர்ணலதா ஒருவரை மட்டும் எடுத்தால் போதும், அந்த ஐந்து வருஷமும் வந்துவிடும். 1990இல் க்ஷத்ரியனில் "மாலையில் யாரோ", அடுத்த வருஷம் சின்னத்தம்பியில் "போவோமா ஊர்கோலம்", தளபதியில் "ராக்கம்மா", 1993இல் வள்ளியில் "என்னுள்ளே என்னுள்ளே", இதெல்லாம் ராஜா. அதே 1993இல் ஜென்டில்மேனில் "உசிலம்பட்டி பெண்குட்டி", அடுத்த வருஷம் காதலனில் "முக்காலா". கருத்தம்மாவில் "போறாளே பொன்னுத்தாயி", அதற்குத்தான் தேசிய விருது. "முக்காலா" பாடிய அதே தொண்டை அதே வருஷத்தில் "போறாளே" பாடியிருக்கிறது. ராஜாவா ரஹ்மானா என்று இங்கே சண்டை போடுகிற ஆட்கள் அவர் பெயரைச் சொல்வதே இல்லை, எனக்கு அதில் பெரிய கோபம்.

ரேடியோ செட்:

அருப்புக்கோட்டைப் பக்கம் நான். எங்கள் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டால் குழாய் (கூம்பு ஒலிபெருக்கி) கட்டுவதற்குப் பனைமரம் ஏறுவதுதான் எனக்கு வேலை. ஆகவே இந்த விஷயத்தைக் குழாய்க்குப் பின்னால் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

குழாய் ரேடியோவுக்கு அடிச்சத்தம் வராது. அதன் அமைப்பே அப்படி. குரல் வரும், நாயனம் வரும், தவில் வரும், உறுமியில் மேல் சத்தம் மட்டும் வரும். மூன்று ஊருக்குக் கேட்கும், ஆனால் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கரகாட்டக்காரன் 1989இல் வந்தது, நான்கைந்து வருஷம் எங்கள் அப்பா அந்தக் கேசட்டைத் தேய்த்தார், ஏனென்றால் அது குழாயில் அப்படியே விழும். சின்னத்தம்பி விழும். தேவா பாட்டு நன்றாக விழும். சேரன் பாண்டியன் விழும். ரோஜாவைப் போட்டோம், சின்னச் சின்ன ஆசை பரவாயில்லை, மற்றதெல்லாம் யாரோ தூரத்தில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கோயில் கமிட்டிக்காரர் வந்து "என்னப்பா ஆம்ப்ளிபயர் போயிருச்சா" என்று கேட்டார். டவுனில் டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் போட்டுக் கேட்டவர்களுக்கு ஒரே ராத்திரியில் மாறியிருக்கலாம், பக்தன் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் ரஹ்மான் வந்தார். ஜென்டில்மேன் வந்த பிறகு இளவட்டங்கள் "பொட்டி இருக்கா, பொட்டி இருக்கா" என்று கேட்க ஆரம்பித்தார்கள், இல்லை என்றால் அடுத்த ஊர் செட்டுக்கு அட்வான்ஸ் போய்விடும். அப்பா கடன் வாங்கித்தான் இரண்டு பெட்டி வாங்கினார்.

ஆனால் குழாயில் விழுந்த ரஹ்மான் பாட்டும் உண்டு. 1993 கிழக்குச் சீமையிலே. "மானூத்து மந்தையிலே" இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு காதுகுத்து, சடங்கு, தாய்மாமன் சீர் அதற்கப்புறம் நடந்ததே இல்லை. சீர்த்தட்டு தெருமுனை திரும்பும்போது சரியாக அந்தப் பாட்டு வர வேண்டும், ஒரு நிமிஷம் முன்னால் பின்னால் போனால் தாய்மாமன் முறைப்பார். கிராமத்து ஜனங்களுக்கு ரஹ்மானைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் படம்தான். அதை ரஹ்மான் பாட்டு என்று யாரும் சொன்னதும் இல்லை, "பாரதிராஜா பாட்டு" என்றுதான் சொல்வார்கள்.

தேவர் மகன் பாட்டு ஒன்றைப் போடுவதற்கு முன்னால் எந்தத் தெருவில் செட் கட்டியிருக்கிறோம் என்று பார்த்துத்தான் கேசட்டையே எடுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டாம்.

வடமராட்சி:

நான் யாழ்ப்பாணம். எங்கள் கதை வேறை.

1990 நடுப்பகுதிக்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. பேட்டரியும் உள்ளே வராது, தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், டைனமோவில் இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்கோ டேப்புக்கோ கொடுப்பது. ஒருவர் சுற்ற நாலு பேர் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் டேப் மெதுவாகும், எஸ்.பி.பி. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் தடித்துத் தடித்துக் கடைசியில் பேய் மாதிரி வரும், "டேய் சுத்தடா" என்று எல்லாரும் கத்துவார்கள். மெலடியை நிதானமாகக் கேட்கக் கை வலிக்க வலிக்கச் சுற்றினோம் என்று இப்போது என் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

திருச்சி வானொலி எங்களுக்குத் தெளிவாக இழுக்கும். மற்றபடி கேசட்டுகள் யாராவது வெளியில் இருந்து கொண்டு வந்தால்தான், அதுவும் வரிசையாக வராது. எனக்குத் தளபதியும் ரோஜாவும் அழகனும் ஒரே மாதத்தில் ஒரே பையில் கிடைத்தன. எது முதலில் வந்தது, யார் யாரைத் தள்ளிவிட்டு வந்தார் என்ற கணக்கு எங்களுக்கு இல்லை அண்ணை. எல்லாம் புதுப்பாட்டு. "சுந்தரி கண்ணால்" கேட்டுவிட்டு அடுத்ததாய் "புது வெள்ளை மழை" கேட்டால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித்தான் இருந்தது. இங்கே நீங்கள் 1992ஐ நடுவில் வைத்துக் கதைக்கிறதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் புதினமாய் இருக்கிறது.

லிஸ்ட்டுக்கு என் பங்கு: "சின்னச் சின்னத் தூறல் என்ன", செந்தமிழ்ப் பாட்டு, 1992. எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து போட்டது. எம்.எஸ்.வி.யை யாரும் இந்தக் காலக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் அந்த வருஷம் அவரும் இருந்தார்.

பஞ்சதன் பக்தன்:

ரேடியோ செட் அண்ணே, குழாய் விஷயம் நான் யோசித்ததே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். திருடா திருடாவில் "ராசாத்தி" முழுக்க மனுஷக் குரல்தானே, வாத்தியமே இல்லை. அது குழாயில் நன்றாக விழுந்திருக்க வேண்டுமே?

ரேடியோ செட்:

விழுந்தது தம்பி. சாகுல் ஹமீது குரல் கணீரென்று மூன்று ஊருக்கும் போனது. ஆனால் கல்யாண வீட்டில் போட முடியாது, அது சோகப் பாட்டு. சாவு வீட்டிலும் போட முடியாது, அது சினிமாப் பாட்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்த பிறகு அப்பாவுக்காக நான் போடுவேன், பாதியில் யாராவது வந்து நிறுத்தச் சொல்வார்கள்.

தீப்பெட்டி:

எல்லாருக்கும் நன்றி. வாசகி அக்கா சொன்னபடி ஸ்வர்ணலதாவை முதுகெலும்பாக வைத்து, நடுநடுவே பழைய கேசட் சொன்னதையெல்லாம் சேர்த்து லிஸ்ட்டைத் திருப்பி எழுதிவிட்டேன். வருஷ வரிசையையும் எடுத்துவிட்டேன், வடமராட்சி அண்ணன் பையிலிருந்து வந்த மாதிரி கலந்து கிடக்கட்டும். இணைந்த கைகள் பாட்டை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டு இசை யார் என்று கேட்டேன், வந்த பதில் எல்லாம் இளையராஜா, ஒருத்தன் மட்டும் "டி.ராஜேந்தர்" என்றான். அவன் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

ரேடியோ செட் அண்ணே, ஒரு கடைசிக் கேள்வி. மண்டபத்தில் சுவரில் மாட்டிய சின்னச் சின்னப் பெட்டிகள்தான் இருக்கின்றன, தரையில் வைக்கிற பெரிய பெட்டி இல்லை, வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். எதை எங்கே வைப்பது?

ரேடியோ செட்:

அப்படியென்றால் "முக்காலா", "ஊர்வசி", "சிக்குபுக்கு" மூன்றையும் சாப்பாட்டு நேரத்தில் போடாதீர்கள், சோற்றுக் கரண்டிச் சத்தத்தில் பாட்டு செத்துப்போகும். பந்தி நடக்கும்போது அழகன், அண்ணாமலை, அமராவதி. ஆட்கள் வந்து சேருகிற நேரத்தில் சின்னத்தம்பி, யாரும் கவனித்துக் கேட்காவிட்டாலும் வாய் தானாகப் பாடும். "போறாளே பொன்னுத்தாயி"யை மேடைப் பேச்சு முடிந்ததும் உடனே போடாதீர்கள், பழைய வாத்தியார் யாராவது இறந்துபோன செய்தியைச் சொல்லியிருப்பார்கள், கூட்டம் அழுதுவிடும். முதல் பாட்டு மட்டும் சீர்காழி பாடிய "விநாயகனே வினை தீர்ப்பவனே". அது 1990க்கு முந்தியது என்று யாராவது சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.